பொட்டு வைத்த பாஸ்புக்

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். இது தெரியாதவர்கள் நான் அடங்கிப்போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் நாலு வார்த்தை கூடப் பேசி மாட்டிக்கொள்வார்கள். காரைக்குடியில் ஒரு பாங்கு ஏஜெண்டு அப்படி மாட்டிக்கொண்டார். இன்றைக்கு மேனேஜர் என்கிறோமே, அவரை அந்தக் காலத்தில் ஏஜெண்டு என்றுதான் சொல்வோம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சாக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் ஆசாரி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். வீட்டுக்காரர் கதவும் ஜன்னலும் கட்டிலும் செய்கிறவர். நான் தையல்காரி. பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த, கையால் சுற்றுகிற மெஷின் ஒன்று இருந்தது. ஊரில் பாதிப் பெண்கள் போட்டிருந்த ரவிக்கை என் கையால் தைத்தது. மற்ற பாதி காரைக்குடியில் கொடுத்துத் தைத்து, கை ஏறவில்லை, முதுகு பிடிக்கிறது என்று கடைசியில் என்னிடம்தான் பிரித்துத் தைக்க வரும்.

அந்தச் சமயம் பாங்குக்காரர்கள் ஊர் ஊராகப் போய்க் கணக்கு ஆரம்பிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊருக்கும் ஒரு ஆபீசர் வந்து பிள்ளையார் கோவில் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். ஆண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். “இருக்குறதக் குடுத்துட்டு எங்கிட்டுப் போயித் தேடுறது” என்று ஒருத்தர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தையல் காசை எடுத்து வந்து, என் பெயரில் கணக்கு ஆரம்பித்தேன். எட்டாவது வரை படித்தவள். தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டேன். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். வீட்டுக்காரர் ராத்திரி வேலை முடிந்து வந்து கேள்விப்பட்டு, “நல்லதுதான” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் அப்படித்தான். சண்டை வராத பக்கமாகப் பார்த்து நடக்கிற மனிதர்.

அந்தப் பாஸ்புக்கின் மேல் எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்வது. வீடு மாமனார் பெயரில். நிலம் என்று இருந்த துண்டு அவருடைய அண்ணன் தம்பிகளோடு சேர்ந்தது. ரேஷன் கார்டில்கூட நான் இன்னாரின் மனைவி. அந்த ஒரு புத்தகத்தில்தான் மேல் வரியில் என் பெயர் இருந்தது.

ஆயுத பூசை வந்தது. மற்ற வீடுகளில் அது ஒரு பண்டிகை. எங்கள் வீடுகளில் அதுதான் பண்டிகை. உளி, இழைப்புளி, ரம்பம், சுத்தியல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பலகை மேல் வரிசையாகப் பரப்பி, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அதிலும் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. பிடியில் மட்டும் பொட்டு வைத்தால் ஆகாது. எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்தில் வைக்க வேண்டும். உளிக்கு அதன் இரும்பு நாக்கில், ரம்பத்துக்குப் பல்லுக்கு மேலே. பூசைக்கு வைத்த சாமானை மறுநாள் மறுபூசை முடிகிற வரை யாரும் தொடக் கூடாது.

நான் என் மெஷினுக்கு ஊசிக்கு மேலே வைத்தேன். கத்தரிக்கோலுக்கு அதன் வாயில் வைத்தேன். அப்புறம் பாஸ்புக்கையும் கொண்டுவந்து வைத்தேன். அதுவும் எனக்கு உழைக்கிற சாமான்தானே. அட்டையில் வைக்கத்தான் முதலில் விரலை நீட்டினேன். அட்டையா வேலை செய்கிறது? கடைசியாக வரவு எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து, இருப்புத் தொகையின் மேலேயே கெட்டியாக ஒரு பொட்டு வைத்து, மூடி, கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்தேன். மாமியார் பார்த்துவிட்டு, “நல்லாப் பெருகட்டும்த்தா” என்றார்.

மறுநாள் எடுத்தபோது பக்கங்கள் லேசாக ஒட்டியிருந்தன. பிரித்தால், ஈரச் சந்தனத்தில் பேனா மை ஊறி, தொகையும் அதன் பக்கத்தில் ஆபீசர் போட்ட சின்னக் கையெழுத்தும் ஒன்றாகக் கலந்து ஊதாவும் சிவப்புமாக நின்றன. எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. எழுத்து இதில் போனாலும் பாங்குப் பேரேட்டில் இருக்குமே என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு தப்பும் இல்லை.

தீபாவளித் துணிகள் வந்து குவிய ஆரம்பித்தன. கை மெஷினில் சுற்றிச் சுற்றி என் வலது தோள் கழன்றுவிடும் போல இருந்தது. அப்போதுதான் காரைக்குடியில் ஒரு அம்மா தன்னுடைய கால் மெஷினை விற்பதாகத் தெரிந்தது. மகனோடு மதுரைக்குக் குடிபோகிறார். நான் போய்ப் பார்த்தேன். காலால் மிதித்தவுடன் அது எண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடியது. “நாளைக்கு மத்தியானம் லாரில சாமான் ஏத்துறோம். அதுக்குள்ள வந்தா உனக்கு. இல்லைன்னா கூடவே ஏத்திருவேன், அங்குட்டுக் கேக்க ஆள் இருக்கு” என்றார் அந்த அம்மா. நான் அங்கிருந்து நேராகப் பாங்குக்குப் போனேன்.

பணம் எடுக்கிற சீட்டு எழுதிப் பாஸ்புக்கோடு கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுத்து உட்காரச் சொன்னார். அதை வைத்திருக்கிறவருக்குத்தான் பணம். எனக்குப் பின்னால் வந்தவர்கள் நம்பர் எல்லாம் கூப்பிட்டார்கள், என் நம்பர் மட்டும் வரவில்லை. பாங்கிலும் ஆயுத பூசை கொண்டாடியிருந்தார்கள். வாசலில் கட்டிய வாழைக்கன்று வாடிக்கிடந்தது. பணம் வைக்கிற இரும்புக் கதவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நம்மைப் போலத்தான் இவர்களும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏஜெண்டு உள்ளே கூப்பிட்டார். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர், வடக்கே எங்கோ ஒரு பக்கத்துக்காரர். என் புத்தகம் அவர் முன்னால் திறந்து கிடந்தது.

“இதை யாரம்மா அழித்தது?”

“யாரும் அழிக்கலைங்க. பூசையில பொட்டு வச்சேன், மை கலைஞ்சிருச்சு.”

“தொகை மேலேயா பொட்டு வைப்பார்கள்? ஆபீசர் கையெழுத்தும் போயிருக்கிறது. பேரேட்டில் தொகை சரியாக இருக்கிறது. ஆனால் அழித்துத் திருத்த முயன்ற புத்தகம் என்றுதான் மேலே உள்ளவர்கள் சொல்வார்கள். இது இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு உங்கள் வீட்டுக்காரரைக் கூட்டி வாருங்கள். பொறுப்பான ஒருவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் பணம் தந்துவிடலாம்.”

பொறுப்பான ஒருவர். அந்த வார்த்தை என் காதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கணக்கு ஆரம்பிக்கும்போது நான் ஒருத்தி போதும். பணம் போடும்போதும் நான் ஒருத்தி போதும். கேட்கும்போது மட்டும் கூட ஒரு ஆம்பளை வேண்டுமாம். என் குரல் தாழ்ந்தது.

“கணக்கு என் பேர்லதானங்க இருக்கு. என்ன எழுதணுமோ நானே எழுதிக் குடுக்குறேன்.”

“நாளைக்கு வாருங்கள் அம்மா” என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். “டோக்கனைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போங்கள்.”

வெளியே வந்தேன். கவுண்டர்காரர் கையை நீட்டினார். டோக்கன் என் கைக்குள் இருந்தது, வேர்வையில் நனைந்து. சட்டென்று ஒன்று தோன்றியது. யோசித்துச் செய்ததாகச் சொன்னால் பொய். டோக்கனை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“என் புத்தகத்தக் குடுங்க, டோக்கனத் தாரேன்.”

“அதெல்லாம் அப்படிச் செய்யக் கூடாதும்மா.”

“நீங்க செய்யலாமாக்கும்” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். கேட்கவே இல்லை என்கிற மாதிரி நடந்தேன்.

பொழுது சாயும்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. பாங்குப் பியூன். எங்கள் பக்கத்து ஆள்தான், முன்பே பழக்கமான முகம். அவ்வளவு தூரம் மிதித்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “தங்கச்சி, அந்த டோக்கனக் குடுத்துரு. சாயங்காலம் எல்லா டோக்கனும் சேந்தாத்தான் கணக்கு முடிப்பாக. ஒண்ணு கொறையுதுன்னு அங்குட்டு எல்லாரும் உக்காந்திருக்காக. ஏசண்டும் உக்காந்திருக்காக” என்றார்.

“அண்ணே, நான் களவாண்டுட்டு வரல. அவுக குடுத்தது. பணம் குடுத்துட்டு வாங்கிக்கிறதுக்குத்தான குடுத்தாக? பணம் எங்க? அதுவும் வேண்டாம், என் புத்தகம் எங்க?”

“எனக்குப் புரியுது. அவுகளுக்குப் புரியணுமே.”

“நாளைக்குக் காலைல நானே கொண்டாரேன்னு சொல்லுங்க. தொலைக்க மாட்டேன். என் புத்தகத்த அவுக பத்திரமா வச்சிருக்காகள்ல, அதே மாதிரி நானும் பத்திரமா வச்சிருப்பேன்னு சொல்லுங்க.”

பியூன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது.

“ஏத்தா, பாங்குச் சாமான வீட்டுல வச்சிருந்தா போலீசு வந்துருமே.”

“என் புத்தகத்த அவுக வச்சிருக்காக. அதுக்கு எந்தப் போலீசு வரும்?”

“ஒரு கையெழுத்துத்தான? போட்டுட்டு வந்துர்றேன். உனக்கு மெஷின் வேணுமா வேணாமா?”

வேண்டும். அதுதான் என் கஷ்டம். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் மெஷின் என் வீட்டுக்கு வரும், தீபாவளி வேலை முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கப்புறம் அந்தப் புத்தகம் என் புத்தகமாக இருக்காது. ஒவ்வொரு தடவை போகும்போதும் ‘வீட்டுக்காரர் வரலையாம்மா’ என்று கேட்பார்கள். “நீங்க வாங்க, பக்கத்துல நில்லுங்க. பேனாவ மட்டும் தொட்டீக, அப்புறம் நான் பொல்லாதவ” என்றேன். அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் பாங்கு திறக்கும்போதே போய் நின்றோம். ஏஜெண்டு என்னைப் பார்க்கவே இல்லை. “வாங்க ஆசாரி, உட்காருங்க” என்று அவரை உட்காரவைத்து, தயாராக எழுதி வைத்திருந்த கடிதத்தையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார். இவரும் பேனாவை எடுத்துவிட்டார். நான் அவர் கையையே பார்த்தேன்.

“என்ன எழுதியிருக்குங்க?” என்று கேட்டார். அவருக்குக் கூட்டி வாசிக்க நேரமாகும்.

ஏஜெண்டு வாசித்தார். “என் மனைவி அறியாமையால் பாஸ்புக்கில் சந்தனம் பூசி எழுத்தைச் சிதைத்துவிட்டார். இனி இவ்வாறு நடவாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.”

வீட்டுக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார்.

“அறியாமைன்னா என்னங்க? தெரியாம செஞ்சுட்டான்னா?”

“ஆமாம்.”

“தெரியாம செய்யலைங்க. தெரிஞ்சுதான் செஞ்சா. நானும் உளிக்கு வச்சேன், எங்கப்பாவும் வச்சாக. அப்ப எங்க எல்லாருக்கும் அறியாமையா? இதுல நான் கையெழுத்துப் போட்டா எங்க உளியும் ரம்பமும் என்னையப் பாத்துச் சிரிக்கும்.” அப்புறம் கொஞ்சம் யோசித்து, “கணக்கும் அவளுது. எதுன்னாலும் அவகிட்டயே கேளுங்க” என்று சொல்லிவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார்.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அந்தச் சுகம் வேறு எதிலும் இல்லை.

“உங்க இரும்புக் கதவுக்கும்தான் பொட்டு வச்சிருக்கீக” என்றேன்.

“அது எழுத்தின் மேல் இல்லையே அம்மா.”

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் நான் அதற்காக வரவில்லை. “சரிங்க. எழுத்து மேல வச்சது நான். மை கலைஞ்சதும் என்னாலதான். அத நான் எழுதிக் கையெழுத்துப் போடுறேன். உங்க கதவுக்குப் பொட்டு வச்சவுகள வீட்டுல ஆளக் கூட்டியாரச் சொன்னீகளா? என்னைய மட்டும் ஏன் சொல்றீக?”

கவுண்டர் பக்கம் யாரோ இருமினார்கள். சிரிப்பை இருமலாக்கிய சத்தம். கதவு ஓரம் நின்ற பியூன் கூரையைப் பார்த்தார். ஏஜெண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவர் என்னை முதல் தடவையாகப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது.

“நேற்று நாங்கள் எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தோம் தெரியுமா?”

“நான் ராத்திரி முழுக்க உக்காந்திருந்தேங்க.”

அவர் இழுப்பறையைத் திறந்தார். புத்தகத்தை எடுத்து, கலைந்த தொகைக்குக் கீழே புதிதாகத் தொகை எழுதி, ‘பூசைச் சந்தனம் பட்டு மை கலைந்தது, இருப்பு சரி’ என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, என் பக்கம் திருப்பினார். அதன் கீழே நான் என் பெயரை எழுதினேன். பள்ளிக்கூடத்தில்கூட அத்தனை திருத்தமாக எழுதியதில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து டோக்கனை மேசையில் வைத்தேன். பியூன் பாய்ந்து எடுத்துக்கொண்டார்.

பணத்தை வாங்கியதும் அந்த அம்மா வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். லாரி வந்து நின்றது. கட்டில் ஏறிவிட்டது, பீரோ ஏறிவிட்டது. மெஷின் வாசலில் இருந்தது. வீட்டுக்காரர் அதை ஒரு கை பிடித்துத் தூக்கிப் பார்த்து, மரப்பலகையைத் தட்டி, “பலகை நல்ல தேக்குத்தா” என்றார். ஒரு மாட்டு வண்டி பிடித்து ஊருக்குக் கொண்டுவந்தோம். தெருவில் எல்லோரும் பார்க்கட்டும் என்று வண்டிக்காரரை மெதுவாக ஓட்டச் சொன்னேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள், வீட்டுக்காரர் ஆத்தங்குடியில் ஒரு வீட்டுக்குக் கதவு வேலை முடித்துக் கூலியை மொத்தமாக வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் என்னையே சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம், “எனக்கும் அங்குட்டு ஒரு கணக்கு ஆரம்பிக்கலாம்னு பாக்குறேன்” என்றார். கூட்டிக்கொண்டு போனேன். அதே ஏஜெண்டு. என்னைப் பார்த்ததும் சிரித்து, நாற்காலியைக் காட்டினார். இவருக்கு விண்ணப்ப ஃபாரம் ஒன்றைப் பூர்த்தி செய்து, கையெழுத்து வாங்கி, மறுபக்கம் திருப்பினார்.

“புதிதாகக் கணக்கு ஆரம்பிக்கிறவரை, இங்கே ஏற்கனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகப்படுத்த வேண்டும். இவரைத் தெரியும், நம்பிக்கையானவர் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும்.” சொல்லிவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். “இவரை உங்களுக்குத் தெரியுமா அம்மா?”

நான் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, பரீட்சை எழுதியவன் மார்க்குக்குக் காத்திருப்பது மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவசரப்படவில்லை.

“தெரியும்” என்றேன். “நம்பிக் கணக்குக் குடுக்கலாம்.”

கையெழுத்தைப் போட்டேன்.